என் ஜன்னலைப் பார்த்த பானை

அடுத்தவர் தோட்டத்தை எட்டிப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடக்க எனக்கு வராது. இதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. என் வீட்டுக்காரர் நினைத்திருக்கிறார். ஸ்கூட்டியை நான் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வருகிறவர் அவர். “இவ நாய்க்கு பிரேக் அடிக்க மாட்டா, பூவுக்கு அடிப்பா” என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அதில் பாதி பொய். நாய்க்கும் அடிப்பேன்.

வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு சென்ட் கொல்லை. அதில் என் சொந்த யோசனை என்று ஒன்றும் கிடையாது. மல்லிக்கொடியைக் கிணற்றுச் சுவர் மேல் ஏற்றிவிட்டது, திருமுக்கூடல் பாலம் தாண்டி ஒரு வீட்டில் பார்த்தது. கத்தரிப் பாத்திக்கு நடுவே துலுக்கச் சாமந்தி நட்டது காவாந்தண்டலத்தில் பார்த்தது. உடைந்த சிமெண்டுத் தொட்டியில் அல்லி வைத்தது ஒரு பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்க நின்றபோது பார்த்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டுக் கோயிலின் புல்தரையைப் பார்த்துவிட்டு வந்து புல்லும் வைத்தேன். அது சரியாக இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் எங்கள் தெரு மாடுகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

போனில் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். நானும் பார்த்திருக்கிறேன். அந்தத் தோட்டங்களுக்கு ஆடே வருவதில்லை. குரங்கு வருவதில்லை. மோட்டார் போட்ட நேரத்தில் கரண்ட் போவதில்லை. அங்கே செடி வளர்ப்பதில் என்ன பெருமை இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நம் மண்ணில், நம் வெயிலில், நம் ஆடுகளுக்குத் தப்பி ஒரு செடி நிற்கிறதென்றால் அதைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆனால் எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்கும் போய் “உங்கள் தோட்டத்தைப் பார்க்கலாமா” என்று கேட்க முடியாது. நிலம் அளக்க வந்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள். தண்ணீர் கேட்க வேண்டும். சொம்பு வருவதற்குள் கொல்லைப் பக்கம் இரண்டு எட்டு வைக்க வேண்டும். குடித்துக்கொண்டே, “இது என்ன ரோஜாங்க?” என்று எதையோ கேட்பதுபோலக் கேட்க வேண்டும். அதன்பிறகு அவர்களே எல்லாவற்றையும் காட்டுவார்கள், வேண்டாம் என்றாலும் கிளை ஒடித்துத் தருவார்கள். ஒரு சித்திரை ஞாயிற்றுக்கிழமை இப்படி நான்கு தோட்டம் பார்த்து நான்கு சொம்புத் தண்ணீர் குடித்தேன். ஐந்தாவது வீட்டில் நான் கேட்டது தண்ணீர் இல்லை. கழிவறை எங்கே என்று.

இத்தனை செய்கிற எனக்கு ஒரே ஒரு மரியாதை மட்டும் பழகவில்லை. இங்கே யாரும் செடியை வாய்விட்டுப் பாராட்ட மாட்டார்கள். முருங்கை தொங்கத் தொங்கக் காய்த்திருக்கும். வைத்தவர் அதைக் காட்டி, “இன்னாமோ கீது, பூச்சிதான் ஜாஸ்தி” என்பார். பார்க்க வந்தவரும், “ஆமாமா, பூச்சிதான்” என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சொன்னால்தான் இரண்டு பேருக்கும் நிம்மதி. நான் கல்யாணமாகிக் காஞ்சிபுரத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இன்னமும் ஒரு நல்ல செடியைப் பார்த்தால் என் வாய் முந்திக்கொள்ளும். “அடேயப்பா!” என்பேன். அதோடு விட்டாலும் பரவாயில்லை, எண்ணவும் ஆரம்பித்துவிடுவேன். பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. காலையில் போனதும் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எண்ணுவதுதான் பிழைப்பு. அந்தப் பழக்கம் கொல்லை வரைக்கும் வந்துவிட்டது.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உறவில் அக்கா இல்லை. எங்கள் கொல்லைக்கு முதுகைக் காட்டி நிற்கிற வீடு அவளுடையது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். இரண்டு கொல்லைக்கும் நடுவில் ஒரு முள்வேலி, அதில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு ஒரு சந்து. பகல் முழுக்க ஏரிப் பாசனத்து நிலத்தில் வேலை செய்துவிட்டு, நான்கு மணிக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டு கொல்லையில் இறங்கிவிடுவாள். அவள் யார் தோட்டத்தையும் போய்ப் பார்த்தவள் இல்லை. ஆனால் நான் பார்த்த எல்லாத் தோட்டத்திலும் அவளுடையதுதான் ஒசத்தி. அதில் எனக்குப் பொறாமை கொஞ்சம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அவள் அவரை ஊன்றினால் மறுநாள் நானும் ஊன்றுவேன். அவள் கனகாம்பரத்தைப் பிரித்து நட்டால் நானும் பிரிப்பேன். ஐந்து மணிக்கு டீ டம்ளரோடு சந்தில் நுழைந்து போய், அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு, வெளியூரில் பார்த்த தோட்டங்களைப் பற்றி அளந்துகொண்டிருப்பேன். எங்கிருந்து என்ன கிளை கொண்டுவந்தாலும் பாதி அவளுக்கு. இது நாங்கள் பேசி வைத்ததில்லை, அப்படியே நடந்துவந்தது.

ஒரு தை மாதம், ஒரு கல்யாணத்துக்குப் போன ஊரில் ஒரு சின்னப் பூங்காவைப் பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம், அங்கே இருந்த தோட்டக்காரர் நல்ல மனிதர். பூங்காவைச் சுற்றி வேலியாகச் செம்பருத்தி நட்டிருந்தார்கள். அடுக்குச் செம்பருத்தி, பழுத்த பங்கனப்பள்ளி நிறம். அதைப் பார்த்த பிறகு கல்யாணச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன். தோட்டக்காரர் பீடியை அணைத்துவிட்டு, “எட்த்துக்கினு போங்க மேடம், அது இன்னா, ஒடச்சா தழையப் போகுது” என்று இரண்டு கிளை ஒடித்துத் தந்தார். மொய்க் கவர் கொண்டுவந்த பையில் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தேன், ஒன்றை நான் நட்டேன். என்னுடையது நாலாம் நாள் ஆட்டுக்குப் போனது. அக்காவுடையது துளிர்விட்டுப் பப்பாளி வரிசைக்குப் பக்கத்தில் கிடுகிடுவென்று வளர்ந்தது.

அந்தப் பப்பாளி வரிசையில் ஏழு மரம். பங்குனியில் ஒரு சாயங்காலம் அவற்றின் கீழே நின்று, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, நான் எண்ணினேன். வாய்விட்டு எண்ணினேன். முதல் மரத்தில் மட்டும் முப்பத்திரண்டு காய்.

“அக்கா! வாயில பல்லு மாதிரி முப்பத்திரண்டு இருக்கு! இந்த மாதிரி நான் எங்கேயும் பார்த்ததில்ல!”

அக்கா களைக்கொத்தைக் கீழே வைத்தாள். “ஏதோ கீது” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் பப்பாளி இலையெல்லாம் சுருண்டது. காம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்தது. பிஞ்சுகள் உதிர்ந்தன. முப்பத்திரண்டு காய் இருந்த மரம்தான் முதலில் போனது. அந்த வாரம் என் மாமியாருக்கு உடம்பு முடியாமல் நான் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்ததால் அக்கா கொல்லைக்குப் போக முடியவில்லை. சனிக்கிழமை காலையில் காபி போடும்போது சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மிஞ்சியிருந்த பப்பாளி மரத்தில் ஒரு மண்பானை கவிழ்த்துக் கட்டியிருந்தது. கரி பூசி, சுண்ணாம்பில் இரண்டு பெரிய கண், முறுக்கு மீசை, தொங்கும் சிவப்பு நாக்கு. திருஷ்டிப் பானை. அது தெருவைப் பார்க்கவில்லை, கோயிலைப் பார்க்கவில்லை. மூக்குக்கு நேராக என் ஜன்னலைப் பார்த்தது.

என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். காபியை ஆற்றிக்கொண்டே, “மீசய மட்டும் எட்த்துட்டா நீயேதான்” என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் ஆனதைத் துடைக்கிற சாக்கில் அழுதேன்.

அன்றைக்கு முடிவு செய்தேன், இனிமேல் அந்தச் சந்தில் நுழைவதில்லை என்று. மனசுக்குள் அக்காவோடு நிறையச் சண்டை போட்டேன். ‘படித்தவளைப் பார்த்துக் கண்ணு வைக்கிறவள் என்று சொல்வாயா? கண் பட்டு மரம் சாகுமென்றால், ஊரில் அத்தனை பேரும் பார்க்கிற அரசமரம் எப்படி நிற்கிறது?’ இப்படி ரொம்ப அறிவாகப் பேசினேன். குளிக்கும்போது பேசினேன், ஸ்கூட்டியில் போகும்போது பேசினேன். பின்னால் இருந்தவர், “யார்கிட்ட பேசிக்கினு வர்ற?” என்று இரண்டு தடவை கேட்டார்.

அதற்கப்புறம் ஊரே என்னைப் பார்த்து ஒளிப்பதுபோலத் தோன்றியது. பால் வாங்கப் போகும் வழியில், கோடி வீட்டுப் பெண் தன் கனகாம்பர நாற்று மேல் முறத்தைக் கவிழ்த்தாள். வெயிலுக்குக் கவிழ்த்தாளா எனக்குக் கவிழ்த்தாளா என்பது இன்றுவரை தெரியாது. யார் வீட்டுப் பூவைப் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேயும் போகவில்லை. “தண்ணி தாகமே எடுக்கறதில்லயா இப்பல்லாம்?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

பார்ப்பதை நிறுத்தியதும் நடுவதும் நின்றுவிட்டது. என்ன நடுவது என்றே தோன்றவில்லை. போன வருஷம் கத்தரி இருந்த இடத்திலேயே மறுபடி கத்தரியைப் போட்டு, காய்க்காததற்குக் கத்தரியைத் திட்டினேன். ஆனால் செடி போனது எனக்குப் பெரிதாக இல்லை. ஐந்து மணிக்கு டீயைப் போட்டு ஆற்றிவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் அடுப்படியில் நின்றுகொண்டு குடித்தேன் பாருங்கள், அதுதான் தாங்க முடியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் களைக்கொத்துச் சத்தம் கேட்கும். நான் இருமுவேன். சத்தம் நிற்கும். மறுபடி கொத்தும். இப்படியே சித்திரை போய், வைகாசி போய், ஆனியும் போனது. அக்கா எனக்கு இல்லாமலே போய்விடுவாளோ என்ற பயம் வந்துவிட்டது. பயம் வந்தாலும் ரோஷம் போகவில்லை.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில், அந்தப் பூங்கா இருந்த ஊருக்கே மறுபடி போக வேண்டி வந்தது. அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு ஆடிச் சீர். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தும் கால் பூங்காவுக்குப் போனது. செம்பருத்தி வேலி இருந்தது. பூவில்லை. இலையெல்லாம் சுருண்டு, கிளையெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை. அதே வெள்ளை. தோட்டக்காரர் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

“இது என்னங்க?”

“மாவுப்பூச்சி மேடம். பெரிய பேஜாரு. ரெண்டு வருசமா வர்றதும் போறதுமா கீது.”

“தை மாசம் நான் கிளை வாங்கிட்டுப் போனேனே, அப்ப நல்லா இருந்துச்சே?”

“கண்ணுக்குத் தெரியாது மேடம். கணுவுல ஒளிஞ்சிக்கினு இருக்கும். பக்கத்துல பப்பாளி இருந்தா போச்சு, அதும் மேலதான் மொதல்ல தாவும்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா மேடம், உங்க வூட்ல பப்பாளி கீதா?” என்றார்.

“எங்க வீட்ல இல்ல” என்றேன்.

திரும்பி வருகிற வழி முழுக்க நான் ஒரு பூவையும் பார்க்கவில்லை, யாரோடும் மனசுக்குள் சண்டையும் போடவில்லை. மூன்று மாதம் என் கண்ணுக்காக வக்காலத்து வாங்கினேன். கண் ஒன்றும் செய்யவில்லைதான். செய்தது என் மொய்ப் பை. அந்த ஏழு மரத்தையும் நானே கையால் பூச்சியைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கொன்றிருக்கிறேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. கண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், இருக்கட்டுமே, அதற்கு நிரூபணம் கிடையாது. இந்த நினைப்பு உத்திரமேரூர் பஸ் நிலையம் வரைக்கும் கூட வந்தது, அப்புறம் எனக்கே கேவலமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் சந்தில் நுழைந்தேன். முள் புடவையைப் பிடித்து இழுத்தது. அக்கா செம்பருத்தியின் அடியில் உட்கார்ந்திருந்தாள். அந்த அடுக்குச் செம்பருத்தி பாதி மொட்டையாக நின்றது. நான் டம்ளர் கொண்டுபோகவில்லை. நின்றபடியே, படபடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். பூங்கா, கிளை, மாவுப்பூச்சி, பப்பாளி.

அக்கா எழுந்தாள். “அடிப்பாவி!” என்றாள். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். “ஏழு மரம்டி! எருவும் தண்ணியுமா கொட்டி வளத்தேன்! கெள ஒடச்சிக்கினு வர்றவ, கணுவ திருப்பி ஒரு வாட்டி பார்க்க மாட்டியா? ஊர்ல கீற தோட்டத்தலாம் பார்க்கற கண்ணுக்கு, பையில கீற பூச்சி தெரியலியா?”

ஒவ்வொரு மரமாகச் சொல்லித் திட்டினாள். அவள் திட்டத் திட்ட எனக்கு ஏனோ கொஞ்சம் மூச்சு வந்தது. திட்டி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இத்த சொல்றதுக்கு மூணு மாசமா?” என்றாள்.

“நேத்துதான்க்கா தெரிஞ்சுது.”

“அப்ப இத்தினி நாளா இன்னாத்துக்கு வரல?”

இப்போது ஒரு கம்பில் மாட்டியிருந்த பானையை நான் பார்த்தேன். மழையில் கரி கரைந்து, மீசை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. “என் கண்ணு பட்டுப் போச்சுன்னுதானே அதை என் வீட்டைப் பார்க்கக் கட்டின? வராதேன்னு சொல்றதுக்கு?”

அக்கா என்னைப் பார்த்தாள். நிஜமாகவே அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

“வராதன்னு சொல்லணும்னா வேலிய அடச்சிருக்க மாட்டேன்? ரெண்டு கூடை முள்ளு போதும். பான இன்னாத்துக்குக் கட்டுவாங்க? வர்றவங்க மொதப் பார்வ அதும் மேல பூடும். அப்பறம் ஆற அமர செடியப் பார்க்கலாம். உனக்குத்தான் வாய் நிக்காது. பாத்தா எண்ணுவ. உன்னிய ‘பார்க்காத, எண்ணாத’ன்னு நான் சொல்ல முடியுமா? அத்தினியும் நீ பார்க்கத்தான கீது? நீ அந்தப் பக்கமாத்தான வருவ, அதான் அந்தப் பக்கமா திருப்பி வச்சேன். வச்சிட்டு அஞ்சு மணிக்கு வருவ வருவன்னு பார்த்துக்கினே இருக்கேன், நீ வந்தாத்தான!”

நான் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், இந்தத் தடவை துடைக்க ஒரு பாலும் பொங்கவில்லை. ஊர் ஊராகப் போய்ச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துப் பார்த்ததெல்லாம் எனக்காகத்தான். என்ன நடலாம், எப்படி ஏற்றலாம், எதைக் காப்பியடிக்கலாம். செடி வைத்தவளுக்கு, அதை வந்து பார்க்க ஒரு ஆள் வேண்டியிருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அக்கா கையைப் பிடித்து எழுப்பினாள். அவளுக்கு அழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பொறுமை கிடையாது. இழுத்துக்கொண்டு போனாள். செத்த பப்பாளி வரிசையைப் பிடுங்கிவிட்டு அங்கே பந்தல் போட்டுப் புடலை ஏற்றியிருந்தாள். பந்தலுக்கு அடியில் நுழைந்து நிமிர்ந்தேன். புடலங்காய்கள் நுனியில் கல் கட்டி நேர் நேராகத் தொங்கின. நடுவில் வெள்ளைப் பூ. அந்தப் பக்கம் குண்டுமல்லி பூத்து ஓய்ந்து, பறிக்காமல் விட்டது அப்படியே காய்ந்து கிடந்தது.

“இந்த வாட்டி மல்லி அப்பிடிப் பூத்துச்சு” என்றாள். “யாரு கீறா பார்க்கறதுக்கு. பறிக்கவே மனசு வரல.”

நான் பந்தலைப் பார்த்தேன். பூச்சி கொண்டுவந்த கை, இருபத்தாறு வருஷமாக அடங்காத வாய், எதை நம்பிப் பேசுவது என்று பயமாக இருந்தது.

அக்கா கொஞ்ச நேரம் பொறுத்தாள். புடலங்காய் ஒன்றின் கல்லைச் சரிசெய்வதுபோலத் தொட்டாள், விட்டாள். என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி பந்தலைப் பார்த்தாள்.

“இன்னாடி, வாயில கொழுக்கட்டையா?” என்றாள். “நல்லா கீதா இல்லியா, சொல்லித் தொலையேன்.”